ஏழிசை மன்னரும் ஊர்வாயும்

நம் விடுதியின் உணவுக் கூடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. இரவு உணவு வேளையில் அதன் முன் ஒரு சிறு நாடாளுமன்றமே கூடிவிடும். அதில் வியப்பில்லை. நாம் குடியிருக்கும் இந்த ஜாதவ்பூர்த் தொகுதியே 2019ஆம் ஆண்டில் மிமி சக்கரவர்த்தி என்னும் திரைப்பட நடிகையையும், 2024ஆம் ஆண்டில் சாயனி கோஷ் என்னும் மற்றொரு நடிகையையும் மக்களவைக்கு அனுப்பிய தொகுதி. ஹவுராவில் பிரசூன் பானர்ஜி என்னும் கால்பந்து வீரர் வென்றார். பகரம்பூரில் 2024இல் யூசுப் பதான் என்னும் கிரிக்கெட் வீரர் வென்றார். புகழ் பெற்ற முகம் எதுவாயினும், அது திரையில் தோன்றியதும் கூடத்தில் பேச்சு எழும். அவர் செய்த வேலையைப் பற்றிய பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். அவர் வீட்டைப் பற்றிய பேச்சு சோறு ஆறும்வரை நீளும்.

ஓர் இரவு வங்க நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தமிழ்த் திரையின் முதல் பெரிய நட்சத்திரம் யார் என்பதே அந்தக் கேள்வி. எம். கே. தியாகராஜ பாகவதர் என்று சொன்னேன். அவர் யார், என்ன செய்தார் என்று அவர் கேட்டதும் என் வாயில் முதலில் வந்தது பாட்டன்று, கொலை வழக்கு. கூடம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. சோற்றுத் தட்டை ஏந்தியபடியே பலர் நெருங்கி வந்தனர். எனக்கும் பெருமையாகவே இருந்தது. மறுநாள் பார்த்தால், கொலைகார நடிகர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தாராமே என்று வேறு துறை மாணவர்கள்கூட என்னைக் கேட்கலாயினர்.

அவர் விடுதலை செய்யப்பட்டதை நான் சொல்ல மறந்திருந்தேன். மறந்தேன் என்பதும் முழு உண்மையன்று. அதைச் சொல்லியிருந்தால் கதையின் சுவை குறைந்திருக்கும். அந்தக் கடனைத் தீர்க்கவே பாகவதரின் வாழ்க்கையை இங்கு எழுதுகிறேன்.

காவிரிக் கரையில்

தியாகராஜன் 1910ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் மாயவரத்தில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணமூர்த்தி ஆசாரி, பொற்கொல்லர். குடும்பம் பிழைப்பை நாடித் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, பாட்டுப் பிடித்தது. பட்டறையில் அமர்ந்து பொன்னை ஊதி உருக்க வேண்டிய பிள்ளை பஜனை மடங்களின் வாயிலில் நின்றான். தந்தை கண்டித்ததும் வீட்டை விட்டு ஓடிப்போனான் என்றும், தேடிச் சென்றவர்கள் அவனைக் கடப்பையில் கண்டபோது அவனைச் சூழ்ந்து ஒரு கூட்டம் பாட்டுக் கேட்டுக் கொண்டிருந்தது என்றும் அவர் வரலாற்றைச் சொல்வோர் சொல்வர்.

திருச்சியில் அந்நாளில் எஃப். ஜி. நடேச ஐயர் என்றொரு ரயில்வே அதிகாரி இருந்தார். நாடகத்தில் பெரும் பற்றுடையவர். ரசிக ரஞ்சனி சபையை வளர்த்தவர். அவர் இச்சிறுவனின் குரலைக் கேட்டு, அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசன் வேடத்தைத் தந்தார். அரிச்சந்திரனின் மகனாக மேடையேறிய பிள்ளையை ஊர் அன்றே தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது.

குரல் இயற்கை தந்தது; ஆனால் சங்கீதம் உழைப்பால் வந்தது. மதுரைப் பொன்னு ஐயங்காரிடம் முறையாக இசை பயின்றார். பின்னர் நடந்த அரங்கேற்றக் கச்சேரியில், மிருதங்க மேதை புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை அவரைப் பாகவதர் என்று சிறப்பித்தார். மக்கள் பின்னாளில் தந்த ஏழிசை மன்னர் என்ற பட்டத்தினும் இந்தப் பட்டம் எடை மிகுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இதைத் தந்தவர் சங்கீதம் அறிந்த ஒரு பெரியவர். தந்தபோது பாகவதரிடம் பொருளும் இல்லை, பெயரும் இல்லை.

டாலிகஞ்சில் ஒரு தமிழ்க் காதலன்

பவளக்கொடி நாடகத்தில் பாகவதர் அர்ச்சுனனாகவும் எஸ். டி. சுப்புலட்சுமி பவளக்கொடியாகவும் நடித்து ஊர் ஊராகப் புகழ் பெற்றனர். அந்த நாடகமே 1934இல் கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் பேசும் படமாயிற்று. பேசும் படம் என்பதைவிடப் பாடும் படம் என்பதே பொருந்தும். ஏறத்தாழ 50 பாட்டுகள் அதில் இருந்தன. அக்காலத்தில் பின்னணி பாடும் வழக்கம் இல்லை. நடிப்பவரே பாட வேண்டும். ஆகவே பாடத் தெரிந்தவனே நாயகன். ஒலிபெருக்கி அரிதாயிருந்த நாடகக் கொட்டகைகளில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய குரல், ஒலிவாங்கியின் முன் வந்து நின்றதும் வெள்ளமாய்ப் பெருகிற்று.

1937ஆம் ஆண்டு அவர் வாழ்வில் பொன்னான ஆண்டு. அவ்வாண்டில் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' என்னும் இரண்டு படங்களும் வெளிவந்தன. சிந்தாமணியின் கதை நமக்கு இங்கே அயலானதன்று. கிரீஷ் சந்திர கோஷ் வங்க மேடைக்கு நாடகமாக எழுதிய பில்வமங்களன் கதையே அது. கணிகையிடம் அறிவிழந்த ஒருவன் கண்ணன் பக்தனாகும் கதை. பாபநாசம் சிவன் பாட்டெழுத, ஒய். வி. ராவ் இயக்கினார். ஓராண்டுக்கு மேல் ஓடிய அந்தப் படத்தின் இலாபத்தைக் கொண்டு மதுரையில் ஒரு கொட்டகை கட்டி, அதற்குச் சிந்தாமணி என்றே பெயரிட்டனர்.

அம்பிகாபதி நமக்கு இன்னும் நெருக்கமானது. கம்பரின் மகன் அம்பிகாபதி சோழ இளவரசியைக் காதலித்து உயிர் துறந்த கதை. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். சென்னையில் அந்நாளில் படமனைகள் போதுமான அளவில் இல்லாமையால் தமிழ்ப் படக்காரர் பலர் கல்கத்தாவுக்கு ரயிலேறினர். அம்பிகாபதியும் இங்கே, ஈஸ்ட் இந்தியா பிலிம் கம்பெனியின் படமனையில் எடுக்கப்பட்டது. அந்தப் படமனை இருந்த இடம் டாலிகஞ்ச். நாம் 8-பி பஸ் நிலையத்தருகே ஆட்டோ ஏறிப் போய்வரும் அதே டாலிகஞ்ச்தான்! அம்பிகாபதியாக நின்று பாகவதர் தமிழ் பாடிய மண்ணுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு, நான் அவருடைய வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பிறகு 1939இல் 'திருநீலகண்டர்', 1941இல் 'அசோக்குமார்', 1943இல் 'சிவகவி' என்று வெற்றிகள் தொடர்ந்தன. தோள்வரை புரளும் அவர் தலைமயிரைப் போல இளைஞர்கள் மயிர் வளர்த்தனர். அதற்குப் பாகவதர் கிராப்பு என்றே பெயர் ஏற்பட்டது. அவர் வரும் ரயில் நிற்கும் நிலையங்களில் கூட்டம் அலைமோதிற்று. காதில் வைரக் கடுக்கன், தோளில் சரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் பொட்டு. இவை யாவும் மக்கள் கண்ணால் கண்டவை. கண்ணால் காணாதவற்றையும் மக்கள் பேசினர். அவர் தங்கத் தட்டில் உண்கிறார் என்றனர். பன்னீரில் குளிக்கிறார் என்றனர். அன்பினால்தான் பேசினர். ஆனால் ஒருவர் உண்ணும் தட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிய வாய், அவர் வீட்டின் மற்ற அறைகளைப் பற்றியும் ஒரு நாள் பேசாமல் விடுமா?

மஞ்சள் ஏடு

அந்த வாய்க்குத் தீனி போட ஒருவர் வந்தார். அவர் பெயர் லட்சுமிகாந்தன். பொய்ப் பத்திரம் தயாரித்த குற்றத்துக்காக முன்பு சிறைத் தண்டனை பெற்று, அந்தமான் வரை சென்றவர். 1943இல் அவர் 'சினிமா தூது' என்னும் வார ஏட்டைத் தொடங்கினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கங்கள் என்று சொல்லிச் சில செய்திகளை அதில் அச்சிட்டார். எழுதாமல் இருப்பதற்காகப் பணம் கொடுத்தவர்களும் உண்டு என்று அந்நாளில் பேசப்பட்டது. ஏடு அமோகமாக விற்றது.

பாகவதரும், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும், கோவைப் பட்சிராஜா படமனை ஸ்ரீராமுலு நாயுடுவும் சென்னை ஆளுநர் சர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டனர். போர்க்காலமாகையால் ஏடு நடத்த அரசின் உரிமம் வேண்டும்; அந்த உரிமம் இரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் சளைக்கவில்லை. 'இந்து நேசன்' என்னும் வேறோர் ஏட்டை வசப்படுத்திக்கொண்டு முன்பினும் கடுமையாக எழுதினார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லட்சுமிகாந்தனைப் பழிப்பது எளிது. ஆனால் அவர் ஏட்டை அவரே வாங்கிப் படிக்கவில்லை. பாகவதரின் படத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கிய அதே கைகள்தாம் அதையும் வாங்கின. மாலையில் கொட்டகையில் கண்ணீர் மல்கப் பாட்டுக் கேட்டவர், இரவில் மற்றொரு பத்திரிகைக்குள் மறைத்து வைத்து இந்து நேசன் படித்தார். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. அந்த ஊர்வாயில் நம் வாயும் ஒன்று என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது.

வழக்கு

1944ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், சென்னை வேப்பேரிப் பகுதியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். எவ்வளவு தீமை எழுதியவராயினும் அவரும் ஒரு மனிதர். அவரைக் கொன்றது பெருங்குற்றம். அதில் ஐயமில்லை. அடுத்த மாதத்தில், கொலைக்குச் சதி செய்ததாகப் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார்.

உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரிகளோடு விசாரணை நடந்தது. 1945ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நாயுடு விடுதலை பெற்றார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடு தோற்றது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மேல்முறையீட்டை மறுபடியும் கேட்கும்படி பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்பியது. நீதிபதிகள் ஹேப்பல், சகாபுதீன் ஆகியோர் சாட்சியங்களை மீண்டும் ஆராய்ந்தனர். அவை நம்பத் தக்கவையல்ல என்று கண்டு, 1947ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இருவரையும் விடுதலை செய்தனர். கொலையின் முழு உண்மை இன்றுவரை வெளிப்படவில்லை.

ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் பாகவதர் சிறையில் இருந்தார். அந்த இரண்டரை ஆண்டில் வெளியே நடந்ததுதான் என்னை வியக்க வைக்கிறது. கைதாவதற்குச் சில வாரங்கள் முன்னர், 1944 தீபாவளிக்கு, அவருடைய 'ஹரிதாஸ்' வெளியாகியிருந்தது. சென்னை பிராட்வே கொட்டகையில் அது 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்டது. நாயகன் சிறையில் உழன்றான். அவன் நிழல் திரையில் பாடியது. மக்கள் வழக்குச் செய்தியைக் காலையில் படித்துவிட்டு மாலையில் படத்துக்குப் போயினர். அவர்கள் பாகவதரை வெறுத்தார்களா? இல்லை. நேசித்தார்களா? நேசித்தார்கள். ஆனால் அந்த நேசம் அவருடைய துன்பத்தையும் ஒரு காட்சியாகவே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பௌதிகம் படிப்பவன். சிறிதளவு வெந்நீரில் பெரிய வெப்பமானியை அமிழ்த்தினால், நீரின் சூட்டில் ஒரு பகுதியைக் கருவியே எடுத்துக்கொள்ளும். அளக்கப் போய், அளக்கப்படும் பொருளையே மாற்றிவிடுவோம். ஒரு மனிதன் வாழ்க்கைக்குள் ஓர் இலட்சம் கண்கள் புகுந்து பார்க்குமானால், அந்த வாழ்க்கை முன்போல் இருக்குமா?

இறங்குமுகம்

விடுதலையான பாகவதருக்கு 37 வயது. பாடும் ஆற்றல் குன்றவில்லை. 'ராஜமுக்தி' 1948இல் வந்தது. 1952இல் 'அமரகவி', 'சியாமளா' ஆகிய இரண்டும் வந்தன. 1957இல் தாமே இயக்கிய 'புதுவாழ்வு' வந்தது. எதுவும் பழைய வெற்றியைத் தரவில்லை.

இதற்கு வழக்கு ஒன்றே காரணம் என்று சொன்னால் அது நேர்மையாகாது. காலம் மாறியிருந்தது. பின்னணிப் பாட்டு வந்துவிட்டது. பாடத் தெரியாதவரும் நாயகராக முடிந்தது. 1949இல் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி' என்று வசனமே உயிரான படங்கள் நாட்டைக் கவர்ந்தன. பாட்டைக் கேட்கப் போனவர்கள் பேச்சைக் கேட்கப் போகலாயினர். உடன் சிறையிருந்த கிருஷ்ணன் 1957இல் இறக்கும்வரை மக்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார் என்பதையும் நினைக்க வேண்டும். ஆனால் நகைச்சுவைக் கலைஞன் தன் துன்பத்தையே வேடிக்கையாக்கிக்கொண்டு மீள முடியும். பக்தனாகவும் அரசகுமாரனாகவும் தோன்றியவனை மக்கள் ஒரு பீடத்தில் வைத்திருந்தார்கள். பீடத்திலிருந்து ஒருமுறை இறங்கியவனை மீண்டும் ஏற்றிவைக்க அவர்களுக்குத் தெரியவில்லை.

அசோக்குமார் படத்தில் பாகவதர் அசோகனின் மகன் குணாளனாக நடித்தார். கண்ணிழந்து பாடித் திரியும் இளவரசன் அவன். நீரிழிவு நோய் முற்றியதால், கடைசி ஆண்டுகளில் பாகவதருக்கும் பார்வை மங்கிப் போயிற்று. அப்போதும் கச்சேரிக்கும் கோயிலுக்கும் சென்று பாடினார். 1959ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். வயது 49. நடித்த படங்கள் மொத்தம் 14. கடைசிப் படமான 'சிவகாமி' அவர் மறைந்த பின், 1960இல் வெளிவந்தது. அவருடைய அசோக்குமாரிலும் ராஜமுக்தியிலும் துணை வேடங்களில் நடித்த எம். ஜி. ஆர். 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். மக்களின் ஆவல் வாக்காகவும் மாறக்கூடியது என்பதைத் தமிழ்நாடு கண்டது. பாகவதர் அந்த ஆவலிடம் வாக்குக் கேட்டதில்லை. தம் பாட்டைக் கேட்டால் போதும் என்றிருந்தார்.

பாட்டி சொன்னது

என் பாட்டியார் திருச்சியில் பிறந்து வளர்ந்தவர்; எண்பதைக் கடந்தவர். பாகவதரின் இறுதி ஊர்வலம் திருச்சியில் சென்றபோது அவருக்குப் பதினைந்து வயது. இந்தக் கட்டுரைக்காக அவரிடம் தொலைபேசியில் பேசினேன். தெருவோரம் நின்ற கூட்டத்தில் எல்லாரும் அழுதார்களாம். அழுதுகொண்டே பேசவும் செய்தார்களாம். சொத்து எங்கே போயிற்று, கண் எப்படிப் போயிற்று, அந்தக் கொலை உண்மையா பொய்யா என்றே பேச்சாம். தாமும் பக்கத்து வீட்டுத் தோழியிடம் அப்படித்தான் பேசிக்கொண்டு நின்றதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போதுதான், பல நாளாக அவர் பாட்டு ஒன்றைக்கூடக் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது பாட்டியின் குரல் தாழ்ந்துவிட்டது. 65 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நினைவு அவருக்கு உறுத்துகிறது.

தோழர்களே, எனக்கு உறுத்துவது அவ்வளவு பழையதன்று. சென்ற ஆண்டு நம்மிடையே இருந்த இளைய மாணவர் ஒருவர் தேர்வுக்கு வரவில்லை. காரணம் பற்றி உணவுக் கூடத்தில் ஒரு கதை பிறந்தது. யார் பெற்றார்கள் என்று தெரியாது. வளர்த்தவர்களில் நானும் ஒருவன். ஒரு வாரத்தில் அக்கதைக்குக் கையும் காலும் முளைத்தன. அவருடைய தந்தையார் ஊரில் நோயுற்றுக் கிடந்தார் என்ற உண்மை பின்னரே தெரிந்தது. அவர் திரும்பி வந்தபோது எவரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கதையைச் சொன்னது நாம்தான் என்பது வெளிப்பட்டுவிடும் அல்லவா? அவர் விடுதியை விட்டு வெளியே அறை எடுத்துப் போய்விட்டார். சென்ற மாதம் அவரைத் தேடிச் சென்று, நான் பேசியதை நானே சொன்னேன். அவர் தேநீர் தந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. நீதிமன்றம் ஒருவரை விடுவிக்கலாம். ஊர்வாயிலிருந்து விடுவிக்க ஒவ்வொரு வாயும் தனித்தனியே தீர்ப்பெழுத வேண்டியிருக்கிறது.

பாகவதர் விஷயத்தில் என் தீர்ப்பையும் திருத்திக்கொண்டேன். போன வாரம் அதே உணவுக் கூடத்தில், அதே வங்க நண்பரை அழைத்து, கைபேசியில் ஹரிதாஸ் பாட்டு ஒன்றைக் கேட்கச் செய்தேன். தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர் அவர். பாட்டு முடிந்ததும் மறுபடி வைக்கச் சொன்னார். இரண்டாம் முறையும் கேட்டபின்தான், இவர்தானே நீ சொன்ன அந்தக் கொலை வழக்குக்காரர் என்றார். ஆம், 1947இல் நிரபராதி என்று விடுதலையானார், அம்பிகாபதியாக நடிக்க நம் டாலிகஞ்சுக்கு வந்திருக்கிறார் என்றேன். கூடத்தில் எவரும் தட்டை ஏந்திக்கொண்டு நெருங்கி வரவில்லை. நண்பர் மட்டும் வேறு பாட்டு இருக்கிறதா என்று கேட்டார்.